நாவுயிர்ப்பு ரசம்

விஷ ஜுரத்தில் செத்துப் பிழைத்த துரைசாமி மேஸ்திரி, கண் விழித்ததும் கடவுளுக்கு ஒரு கும்பிடு போட்டிருக்கலாம். பதினொரு நாள் தலைமாட்டை விட்டு நகராத பெண்டாட்டியிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டும் அவனுக்குத் தோன்றவில்லை. பூவம்மாள் ஊட்டிய ரசம் சாதத்தை ஒரு வாய் வாங்கிச் சப்புக்கொட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கழனித் தண்ணியா?" என்றான்.

அந்த வருஷம் ஐப்பசியில் ஆம்பூரில் தெருவுக்கு நாலு பேரை ஜுரம் வாரிக்கொண்டு போயிருந்தது. புருஷன் பிழைத்தானே, திட்டத் தெம்பு வந்ததே என்று பூவம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தத் திட்டு ஒரு நாளோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. கார்த்திகை போய் மார்கழி வந்தது. அவன் வாய் ஓயவில்லை. குழம்பு வைத்தால் மண், கீரை கடைந்தால் சாணி, கறி வறுத்தால் மரத்தூள். "ஜுரத்துல உன் கை ருசி போய்டுச்சிடி" என்று தீர்ப்பே சொல்லிவிட்டான்.

வேறு எவனாவது சொல்லியிருந்தால் யாரும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். துரைசாமியின் நாக்கு லேசுப்பட்ட நாக்கு அல்ல. அப்துல் ஹமீத் சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் பட்டைத் தொட்டிகளுக்கு அவன்தான் மேஸ்திரி. ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைப்பான். துவர்ப்பு இவ்வளவு ஏறியிருக்கிறது, இன்னும் மூன்று கூடை பட்டை போடு, இந்தத் தோலை அடுத்த தொட்டிக்கு மாற்று என்பான். தண்ணீர் முந்திவிட்டால் தோல் மேலே விறைத்து உள்ளே பச்சையாக நின்றுவிடும். பிந்திவிட்டால் அழுகிப்போகும். சண்டைக்காலம் முழுக்கச் சீமைக்குப் போன தோல் அத்தனையும் அந்த நாக்கைத் தொட்டுத்தான் போனது. "இவன் நாக்குலதான் நம்ம ஷாப்பு ஓடுது" என்று சாயபு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அந்த நாக்குக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

வீட்டிலும் அதற்கு மேஸ்திரி உத்தியோகம்தான். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் உப்பு ஒரு கல் ஜாஸ்தி, புளி ஒரு சுளை கம்மி என்று சொல்லுமே தவிர, நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பூவம்மாள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அவளுக்கு நற்பெயர் தெருவில் இருந்தது. கல்யாணமோ காது குத்தோ, குழம்பு அண்டாவில் உப்புப் போடும் நேரம் வந்தால், "பூவம்மாவக் கூப்டுங்க" என்று ஆள் ஓடும். அவள் வந்து, ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுப் பார்த்து, கை நிறைய உப்பை அள்ளிப் போட்டுவிட்டு, ராணி மாதிரி திரும்பிப் போவாள். அவளிடம் நகை நட்டு கிடையாது. பிள்ளை குட்டி கிடையாது. அந்த ஒரு பிடி உப்புதான் அவளுக்கு இருந்த சொத்து.

அதற்கும் வந்தது கேடு. பக்கத்து வீட்டு அமிர்தவள்ளி காதில் ஒரு சேதி விழுந்தால் தண்டோராக்காரனுக்கு வேலை மிச்சம். மேஸ்திரி பெண்டாட்டிக்குக் கை ருசி போய்விட்டதாம் என்று பொங்கலுக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தை மாதம் கோடி வீட்டில் கல்யாணம். பூவம்மாள் குளித்து, தலை முடித்து, ஆள் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. தானே போனாள். "வாக்கா, ஒக்காரு, இந்த வெத்தலயெல்லாம் தொடச்சி வெய்யி" என்று ஒரு கவுளி வெற்றிலையை மடியில் போட்டார்கள். அண்டா பக்கம் வேறு எவளோ நின்றாள். பூவம்மாள் குனிந்த தலை நிமிராமல் வெற்றிலை துடைத்தாள். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அழுததைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. அவளும் அந்த ஜுரத்தில் மூன்று நாள் படுத்தவள்தானே? தன் வாய்க்குக் குழம்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு பெரிய நாக்கு தப்பாகவா சொல்லும்? ஒரு வேளை கெட்டுப்போனது தன் நாக்குதானோ? அள்ளிய உப்பைப் போடலாமா வேண்டாமா என்று மறுபடி டப்பாவிலேயே கொட்ட ஆரம்பித்தாள்.

இந்த நிலைமையில்தான் துரைசாமி பட்டை வண்டியோடு வாணியம்பாடி போனவன், ரயிலடியில் ஒரு புஸ்தகம் வாங்கிவந்தான். 'இதபாக போதினி, அதாவது ஜுரத்தில் மீண்டவர்க்கு மனமும் நாவும் ஆறுதல் பெறும் புதிய பாக முறைகள்.' சென்னைப் பட்டணத்துப் பண்டிதர் ஒருவர் எழுதியது. முதல் பக்கத்தில் அவர் படம். தொப்பைக்கு மேல் அங்கவஸ்திரம், அங்கவஸ்திரத்துக்கு மேல் மூன்று பதக்கம். யாரோ ஒரு புண்ணியவதி அந்த உடம்பை நன்றாகச் சமைத்துப் போட்டு வளர்த்திருக்கிறாள் என்பதும், பண்டிதர் அடுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பதும் படத்திலேயே தெரிந்தன.

"இதும்படி செய்யி. உன் கை சரியாய்டும்" என்றான் துரைசாமி.

அவனுக்கு எழுத்து தெரியாது. அச்சில் வந்ததெல்லாம் சத்தியம் என்பது மட்டும் தெரியும். பூவம்மாள் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள். ஆக, அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்ள, அவள் ஒரு கையில் புஸ்தகமும் ஒரு கையில் கரண்டியுமாக உரக்கப் படித்தபடி சமைத்தாள்.

முதலில் ஜீவரட்சணிக் கஞ்சி. பதினான்கு சாமான். பிரதட்சணமாக நூற்றெட்டு முறை கிண்ட வேண்டும்; ஒரு முறை தவறினாலும் குணம் போய்விடும் என்று பண்டிதர் பயமுறுத்தியிருந்தார். கிண்டி முடித்தபோது பூவம்மாளுக்குத் தோள்பட்டை கழன்றது. கஞ்சி, போஸ்டர் ஒட்டலாம் போல இருந்தது. துரைசாமி குடித்துவிட்டு, "ஒண்ணுமே இல்லியே" என்றான். அடுத்தது மனச்சாந்திக் கூட்டு. பூசணிக்காய், பால், சர்க்கரை, அதன் தலையில் பெருங்காயம். ஒரு வாய் வைத்த பூவம்மாள் கொல்லைக்கு ஓடினாள். அவனோ கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டு அதே பல்லவியைப் பாடினான். பச்சை மிளகாயை அரைத்துப் போட்ட ஒரு துவையலைக் கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தின்றுவிட்டு, "காரம் இன்னா, கடைக்குப் போய்ருக்குதா?" என்று கேட்டபோது அவளுக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. ஆனாலும் அந்த நாக்கின் மேல் சாயபு வைத்திருந்த மரியாதையில் அவளுக்கும் பாதி இருந்தது. சந்தேகத்தை அடக்கிக்கொண்டாள்.

வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். பண்டிதர் எழுத மறந்ததை எல்லாம் அவளே சேர்த்துப் படித்தாள். "'உண்பவர் உண்ணும்போது வாய் திறந்து பேசலாகாது.'" மூன்று நாள் வீட்டில் சோற்று நேரம் கோயில் மாதிரி இருந்தது. "'மிளகை வீட்டு ஆண்மகனே இடித்தல் உத்தமம்.'" மேஸ்திரி உலக்கை பிடித்தான். "'உண்பவர் ஏவாமல் தாமே எழுந்து சென்று எடுத்து வந்து உண்ண வேண்டும்.'" அதையும் தட்டாமல் செய்தான். இத்தனை நாள் இந்தப் பண்டிதர் எங்கே போயிருந்தார் என்று அவளுக்கு இருந்தது.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. தொழுகை நாள் ஆனதால் ஷாப்பு மத்தியானத்தோடு மூடிவிட்டது. அன்றைக்கு நாவுயிர்ப்பு ரசம். புஸ்தகத்திலேயே பெரிய சரக்கு அதுதான். 'செத்த நாவும் இதனால் உயிர்க்கும்' என்பது பண்டிதர் வாக்கு. துரைசாமி கூடவே ஷபீ அஹமதை அழைத்து வந்தான். ஷபீ, சுண்ணாம்புக் குழி மேஸ்திரி. நல்ல மனுஷன், தோஸ்து. ஆனால் துரைசாமியின் நாக்கு சறுக்கினால் பட்டைத் தொட்டி மேஸ்திரி வேலை அவனுக்குத்தான் என்பது ஊரறிந்த விஷயம். வேடிக்கை பார்க்க அமிர்தவள்ளியும் வந்துவிட்டாள்.

பூவம்மாள் ரசத்தை இறக்கி, பித்தளைச் சொம்பில் ஊற்றி, அடுப்போரம் வைத்தாள். தாளிக்கக் கறிவேப்பிலை போதவில்லை என்று கொல்லைக்குப் போனாள், பின்னாலேயே அமிர்தவள்ளி. திரும்பி வருவதற்குள் துரைசாமி, புஸ்தகத்தில் சொன்ன முறைப்படி, தானே உள்ளே போய்ச் சொம்பை எடுத்துவந்து இரண்டு டம்ளரில் ஊற்றியிருந்தான். தன் டம்ளரை ஒரே மூச்சில் குடித்தான். கண்ணை மூடினான். எதிரில் தோஸ்து உட்கார்ந்திருக்கிறான். இன்றைக்கும் ஒன்றுமில்லை என்றால் மேஸ்திரிக்கு மரியாதை என்ன ஆவது?

"இதாண்டா ரசம்!" என்றான். "மொளகு ஒரு பக்கம், புளி ஒரு பக்கம். இத்தினி வருஷமா இந்தக் கைக்கு இது வரல பாரு. அதுக்கும் ஒரு புஸ்தகம் வேண்டியிருந்துச்சி."

"மாஷா அல்லா" என்று ஷபீ டம்ளரைத் தூக்கினான்.

வாசற்படி தாண்டிய பூவம்மாள் அந்த டம்ளரைப் பார்த்தாள். அது ரசத்தின் நிறம் இல்லை. காய்ந்த ரத்தம் போலச் சிவப்புக் கலந்த பழுப்பு. ஷாப்பில் வேலை செய்கிற இரண்டு பேர் உட்கார்ந்திருந்ததால் யார் மேலிருந்து வருகிறது என்று தெரியாமல் போன வாடை, பக்கத்தில் போனதும் அவள் மூக்கில் ஏறியது. சமையற்கட்டுக்குள் கண் போனது. அடுப்போரம் அவள் வைத்த சொம்பு வைத்தபடியே இருந்தது. அவள் அம்மா சீதனமாகக் கொடுத்த ஜோடிச் சொம்பில் மற்றொன்றுதான் புருஷன் கையில் இருந்தது. அதன் வாயில் பட்டைத் தூள் ஒட்டியிருந்தது.

மேஸ்திரி குடித்தது பட்டைத் தண்ணீர்.

அந்தக் கணத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கியது. செத்துப்போனது தன் கை இல்லை, அவன் நாக்கு. நாலு மாதமாக அதை மறைக்கத்தான் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டிருக்கிறான். முதலில் சந்தோஷம் வந்தது, கூத்தாடலாம் போலிருந்தது. ஷபீயை ஒரு மடக்கு குடிக்க விட்டால் போதும். அமிர்தவள்ளி பக்கத்திலேயே நிற்கிறாள். பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். அடுத்த கல்யாணத்தில் உப்பு அண்டா தன் கைக்குத் திரும்பிவிடும்.

விடிந்தால் பட்டைத் தொட்டிக்கு ஷபீ மேஸ்திரி. துரைசாமி தோல் சுமக்கப் போக வேண்டும், ஜுரத்தில் பாதியாகிப்போன அந்த உடம்போடு.

"பாய், இருங்க இருங்க! ஈ விழுந்திருக்குது!" என்று டம்ளரைப் பிடுங்கி முற்றத்தில் கவிழ்த்தாள். உள்ளே போய் நிஜமான ரசத்தை ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஷபீ குடித்துவிட்டு, "பேஷ், தங்கச்சி" என்றான். அமிர்தவள்ளி மோவாயில் கை வைத்தாள். "அப்ப புஸ்தகம் சொல்லித்தான் உனுக்கு ரசமே வந்துச்சின்னு சொல்லு" என்றபடி, அந்தச் சேதியை ஆறுவதற்குள் கொண்டுபோக எழுந்து ஓடினாள்.

எல்லாரும் போன பிறகு பூவம்மாள் காலிச் சொம்பைப் புருஷன் முன்னால் 'ணங்' என்று வைத்தாள்.

"ஷாப்புத் தண்ணி எப்டி இருந்துச்சிங்க? மொளகு ஒரு பக்கம், புளி ஒரு பக்கமா?"

துரைசாமி சொம்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. ஜுரம் விட்ட நாளிலிருந்து நாக்கில் உப்பும் இல்லை, புளியும் இல்லை என்று ஒப்புக்கொண்டான். நாக்கு திரும்பியதா என்று தனியாகப் பார்க்கத்தான் தினமும் ஷாப்புத் தண்ணீரைச் சொம்பில் ஒளித்துக் கொண்டுவந்தானாம்; அன்றைக்கு அவசரத்தில் சொம்பு மாறிப்போனதாம்.

"அப்ப ஷாப்புல எப்டித் தண்ணி பாக்கறீங்க?"

"தொட்டில வேல செய்ற பையன் மஹபூப் பாஷாவக் கூப்ட்டு, 'கத்துக்கோடா'ன்னு மொதல்ல அவனை நக்கச் சொல்வேன். மூஞ்சி எம்மாத்தம் கோணுதுன்னு பாத்து, பட்டை போடச் சொல்லிடுவேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. "என் பேர ஏன் கெடுத்தீங்க?"

"யாரயாவது சொல்லணுமே, பூவு. நீதான் பக்கத்துல இருந்த" என்றான். இதைவிட உண்மையாக அவன் வாழ்நாளில் எதையும் சொன்னதில்லை.

பாஷாவின் முகத்தை நம்பி முந்தின மாதம் ஒரு தொட்டித் தோல் திட்டுத் திட்டாகப் போயிருந்தது. சாயபு முகம் சுளித்திருந்தார். இப்போது ஊறுவது சீமைக்குப் போகிற பெரிய சரக்கு. அதுவும் போனால் மூடி மறைக்க முடியாது. அவன் குழந்தை மாதிரி அழுதான். பூவம்மாளுக்கு ஆத்திரமும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. "நாளையிலேர்ந்து தொட்டிக்கு ஒரு சொம்பு தண்ணி எடுத்துக்கினு வாங்க" என்றாள்.

இப்படியாக, அப்துல் ஹமீத் சாயபுவின் தோல் ஷாப்பு பூவம்மாளின் சமையற்கட்டுக்கு மாறியது. சாயங்காலம் நாலு தொட்டியிலிருந்தும் தண்ணீர் வரும். அவள் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுப் பார்ப்பாள், குழம்புக்குப் பார்க்கிற மாதிரியே. எது இளசு, எது முற்றல் என்று அவன் சொல்லிக் கொடுத்தான். மூன்றாம் நாள் அவள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். "ரெண்டாவது தொட்டி நேத்துக்கு இன்னிக்கு அசையவே இல்ல. ரெண்டு கூட பட்டை போடுங்க." காலையில் மேஸ்திரி தொட்டியில் விரலை விட்டு, நாக்கில் வைத்து, வானத்தைப் பார்த்து யோசித்து, "ரெண்டு கூட போடு" என்பான்.

சரக்கு பழுக்காமல் கருக்காமல், தங்கத் தகடு மாதிரி வந்தது. சாயபு தோலைத் தடவிப் பார்த்து, "ஷாபாஷ்! ஜுரம் வந்தும் நாக்க எப்டி காப்பாத்தின துரைசாமி?" என்று ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்.

சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான். அதைச் சொல்ல முடியாது, வாஸ்தவம். "எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான் சாயபு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் அல்லவா? மேஸ்திரி நெஞ்சை நிமிர்த்தி, "ஒரு புஸ்தகம் இருக்குது சாயபு. அதும்படி சாப்புடறேன்" என்றான்.

இது பூவம்மாளுக்கு எப்படித் தெரிந்தது என்றால், அன்று சாயங்காலம் ஷபீ அஹமது வாசலில் வந்து நின்றான். "தங்கச்சி, அந்தப் புஸ்தகத்த நாலு நாளைக்குக் குடேன். ஜுரத்துக்கு அப்பறம் எங்க வீட்ல தில்ஷாதுக்கும் வாய் சரியில்ல. அந்தப் பண்டிதராலதான் தப்பிச்சேன்னு துரைசாமியே சாயபு முன்னால சொன்னான்."

அவள் நாளைக்குத் தருவதாகச் சொல்லி அனுப்பினாள். அன்று வந்த நாலு சொம்பும் வந்த இடத்திலேயே இருந்தன. காலையிலும் அவள் தொடவில்லை. துரைசாமி சட்டையை மாட்டிக்கொண்டு தவித்தான்.

"பூவு, மணி அடிக்கப் போறான். ஒரு சொட்டு பாத்து சொல்லிடேன்."

பூவம்மாள் புஸ்தகத்தைப் பிரித்தாள். நிதானமாகப் பக்கம் புரட்டினாள். "'இங்ஙனம் பாகம் செய்தவளை, உண்டவர், ஐம்பது பேர் கேட்க வாய் திறந்து புகழ்தல் வேண்டும். புகழாவிடில் மேற்படி முறைகள் ஒன்றும் பலிக்கமாட்டா.'"

"அப்டியா போட்டிருக்குது?"

"கொட்ட எழுத்துல போட்டிருக்குது."

"இன்னொரு வாட்டி படி."

"'நூறு பேர் கேட்க வாய் திறந்து புகழ்தல் வேண்டும்.'"

"மொதல்ல அம்பதுன்னியே!"

"ரெண்டாவது வாட்டி படிச்சா நூறுதான் போட்டிருக்குது. மூணாவது வாட்டி படிக்கட்டுமா?"

"வாணாம், வாணாம்" என்றான் மேஸ்திரி அவசரமாக.

அடுத்த வாரம் அமிர்தவள்ளி மகளுக்குக் காது குத்து. பந்தல் போட்டு, தெருவே திரண்டிருந்தது. குழம்பு அண்டா கொதித்து உப்புக்குக் காத்திருந்த நேரம் பார்த்து, துரைசாமி எழுந்து நின்றான். தொண்டையைக் கனைத்தான். பூவம்மாள் வெற்றிலைக் கட்டு எதிரில், தலையை நிமிர்த்தாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் கேளுங்க. ஜுரத்துக்கு அப்பறம் எங்க வீட்டுக்காரிக்குக் கை ருசி போய்டுச்சின்னு சொன்னேன். அது பொய். எனக்கு அப்ப வாய் கசப்பு, அதான் அப்டி சொல்லிட்டேன். புஸ்தகமும் இல்ல, பண்டிதரும் இல்ல. இந்த ஜில்லாவுல அவ கைக்கு ஈடு கெடையாது. அமிர்தவள்ளி, அவள வெச்சி உப்புப் போடு."

பந்தலில் தலைகள் எல்லாம் திரும்பின. முதலில் சுதாரித்தவள் அமிர்தவள்ளிதான். "நான் அன்னிக்கே சொன்னேன், யாராவது கேட்டீங்களா?" என்று கூசாமல் சொல்லிக்கொண்டே பூவம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். பூவம்மாள் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுப் பார்த்தாள். இரண்டாம் தடவை பார்க்கவில்லை. உப்பை அள்ளினாள், போட்டாள்.

பந்தியில் இலை போட்டுக் குழம்பை ஊற்றியதும் பேச்சு நின்றது. ஷபீ இரண்டு தடவை கேட்டு வாங்கினான். புறங்கையை நக்காதவன் ஒருவன் இல்லை. துரைசாமியும் சாப்பிட்டான். அவன் வாயில் அது ஈர மண்ணாகத்தான் இறங்கியது. வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே மென்றான். நாக்கு உயிரோடு இருந்த பதினெட்டு வருஷமும் இந்தக் குழம்பு தினம் தினம் அவன் இலையில்தான் விழுந்தது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேஸ்திரிக்கே காரம் தாங்கவில்லை என்று பக்கத்து இலைக்காரன் சிரித்தான்.

இரண்டாம் முறை குழம்பு வாளியோடு பூவம்மாளே வந்தாள். அவன் இலையின் எதிரில் குனிந்தபோது, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டான்.

"பூவு, எப்டித்தான் இருக்குது இது? நீயாவது சொல்லேன்."

அவள் ஒரு கரண்டி நிறைய ஊற்றினாள்.

"வீட்டுக்கு வாங்க, புஸ்தகத்தப் பாத்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.